போகும் வழி, திரும்பும் வழி: ரூட்டிங் குறித்த கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஸ்டேட்டிக் ரூட்டிங்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஸ்டேட்டிக் ஐபி வாங்கியிருந்தால்தான் அது வேலை செய்யுமா?

பதில்: இரண்டுக்கும் தொடர்பே இல்லை, பெயர்தான் குழப்புகிறது. ஸ்டேட்டிக் ஐபி என்றால் உங்கள் முகவரி மாறாது என்று பொருள். ஸ்டேட்டிக் ரூட் என்பது, ‘இந்த முகவரிகளுக்குப் போகும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) இன்ன ரூட்டரிடம் கொடு’ என்று நீங்கள் கையால் எழுதிவைக்கும் ஒரு வரி. அதே வரியை ரூட்டர்கள் தங்களுக்குள் பேசித் தாங்களாகவே எழுதிக்கொண்டால் அது டைனமிக் ரூட்டிங். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வேறு வேலை. அதை டைனமிக் ரூட்டிங்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ரூட்டர் இருக்கும் வீட்டில்கூட ரூட்டிங் நடக்கிறது. கணினியின் ரூட் அட்டவணையில் ‘192.168.1.0/24 என் பக்கத்திலேயே இருக்கிறது’ என்று ஒரு வரியும் (/24 என்றால் முதல் 24 பிட், அதாவது முதல் மூன்று எண்கள் மாறாதவை), ‘மற்றதெல்லாம் 192.168.1.1 வழியாக’ என்று ஒரு வரியும் இருக்கும். இரண்டாவது வரிதான் டிஃபால்ட் ரூட், 0.0.0.0/0 என்று எழுதப்படும். ஒரு முகவரிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் பொருந்தினால், எது மிகக் குறுகலாகச் சுட்டுகிறதோ அதுவே வெல்லும். /24 இருக்கும்போது /16-ஐ யாரும் பார்ப்பதில்லை. எதுவும் பொருந்தாவிட்டால்தான் டிஃபால்ட். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன.

கேள்வி: கீழ்த்தளத்தில் இணைய நிறுவனத்தின் ரூட்டர் (192.168.1.1). மாடியில் இரண்டாவது ரூட்டர். அதன் லேன் (உள்வலை) முகவரி 192.168.20.1. மாடியிலிருந்து இணையமும் வருகிறது, கீழ்த்தளப் பிரிண்டரும் கிடைக்கிறது. ஆனால் கீழிருந்து மாடியில் உள்ள கோப்புச் சேமிப்பகத்தை எட்டவே முடியவில்லை. ஸ்டேட்டிக் ரூட் எழுதினால் சரியாகுமா?

பதில்: முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: மாடிக்குத் தனி சப்நெட் (தனி முகவரித் தொகுதி) உண்மையிலேயே தேவையா? வைஃபை எட்டவில்லை என்பதற்காக மட்டும் இரண்டாவது ரூட்டர் வைத்திருந்தால் ரூட்டிங் எதுவும் வேண்டாம். மாடி ரூட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அதன் டிஹெச்சிபியை அணையுங்கள், கீழிருந்து வரும் கேபிளை வேன் (வெளிப்பக்க) போர்ட்டிலிருந்து எடுத்து ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள். அவ்வளவுதான், அது வெறும் ஆக்ஸஸ் பாயின்ட் ஆகிவிடும். ரூட்டரிலேயே ‘ஆக்ஸஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதை இயக்கினால் போதும். இப்படிக் கேட்பவர்களில் பலருக்கு இதுவே சரியான விடை.

பிரித்து வைக்கக் காரணம் இருந்தால், இப்போது நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மாடி ரூட்டர் தன் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளையும் நேட் செய்து, தன் வேன் முகவரியில் மறைத்து அனுப்புகிறது. கீழ்த்தள ரூட்டருக்கு 192.168.20.0 என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் கீழிருந்து 192.168.20.10-க்குக் கிளம்பும் பாக்கெட் டிஃபால்ட் ரூட்டைப் பிடித்து இணையத்தின் பக்கம் போய் மடிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவற்றை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். மாடி ரூட்டரின் வேன் முகவரியை 192.168.1.2 என்று நிலைப்படுத்துங்கள். கீழ்த்தள டிஹெச்சிபி 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் 2 அதற்கு வெளியே இருக்கும், மோதாது. இதை விட்டுவிட்டால், ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபின் மாடி ரூட்டருக்கு வேறு முகவரி கிடைக்கும்; நீங்கள் எழுதிய ரூட் யாரும் இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து கீழ்த்தள ரூட்டரில் ஸ்டேட்டிக் ரூட்: சேருமிடம் 192.168.20.0, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2, இன்டர்ஃபேஸ் லேன். சேருமிடத்தில் 192.168.20.1 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. /24 என்றால் கடைசி எண் 0. கேட்வேயாக மாடி ரூட்டரின் லேன் முகவரியைக் கொடுப்பது இன்னொரு பிழை. கேட்வே எப்போதும் ரூட் எழுதப்படும் ரூட்டருக்கு நேரடியாக எட்டும் முகவரியாகத்தான் இருக்க வேண்டும்.

அதன்பிறகே மாடி ரூட்டரில் நேட்டை அணையுங்கள், 192.168.1.0/24-லிருந்து உள்ளே வருவதை ஃபயர்வாலில் அனுமதியுங்கள். ரூட் எழுதாமல் நேட்டை முதலில் அணைத்தால் மாடியில் இணையம் நின்றுபோகும். பாக்கெட் வெளியே போகும், ஆனால் பதிலை எங்கே அனுப்புவதென்று கீழ்த்தள ரூட்டருக்குத் தெரியாது. போகும் வழியை மட்டும் எழுதிவிட்டுத் திரும்பும் வழியை மறப்பதுதான் ஸ்டேட்டிக் ரூட்டிங்கில் மிகப் பரவலான கோளாறு. எந்த ரூட் எழுதினாலும், பதில் எந்த வழியாக வரும் என்று எதிர்முனையில் நின்று ஒருமுறை பாருங்கள்.

சில வீட்டு ரூட்டர்கள் தங்கள் சொந்த லேனுக்கு மட்டும்தான் நேட் செய்யும். அப்படியானால் எல்லாம் சரியாக எழுதியும் மாடியில் இணையம் வராது. அப்போது மாடியின் நேட்டை மீண்டும் இயக்குங்கள், ஃபயர்வால் அனுமதியை மட்டும் விட்டுவையுங்கள். லினக்ஸ் அடிப்படையிலான ரூட்டர்களில் கீழிருந்து தொடங்கும் இணைப்பு இந்த நிலையிலும் வேலை செய்யும். அந்த வசதியும் இல்லாத ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்தான் மிச்சம்.

சோதிக்கும்போது விண்டோஸ் கணினிக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்பிப் பார்த்துவிட்டு ‘ரூட் வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கைத் தடுப்பது வழக்கம். முதலில் 192.168.20.1-க்கு, பிறகு சேமிப்பகத்துக்குப் பிங் செய்யுங்கள். பிரிண்டர், தொலைக்காட்சி போன்றவற்றைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்கு அனுப்பும் முகவரி) நடக்கிறது. அது ரூட்டரைத் தாண்டாது. ரூட் எழுதினாலும் தாண்டாது. பிரிண்டரின் ஐபியை நேரடியாகக் கொடுங்கள்.

கேள்வி: மேலே சொன்னதுபோல ஸ்டேட்டிக் ரூட் எழுதிவிட்டேன். பிங் போகிறது. ஆனால் சேமிப்பகத்தின் பக்கத்தை உலாவியில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: பிங் வந்தும் டிசிபி (உலாவி பயன்படுத்தும் இணைப்பு முறை) நிலைக்காவிட்டால், போகும் வழியும் திரும்பும் வழியும் வேறாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழ்த்தளக் கணினியின் பாக்கெட் முதலில் 192.168.1.1-க்குப் போகிறது. அது 192.168.1.2-க்குத் தள்ளுகிறது, அங்கிருந்து சேமிப்பகம். பதில் மாடி ரூட்டருக்கு வரும்போது, கேட்ட கணினி அதே 192.168.1.0 லேனில் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே மாடி ரூட்டர் பதிலைக் கணினிக்கு நேராகக் கொடுத்துவிடும். கீழ்த்தள ரூட்டரின் கண்ணில் அது படவே படாது.

டிசிபி இணைப்பு மூன்று படியில் தொடங்கும். முதல் படியான சின் பாக்கெட்டைக் கீழ்த்தள ரூட்டரின் ஃபயர்வால் பார்க்கிறது. இரண்டாவது படி அதன் வழியாக வரவில்லை. மூன்றாவது படி வந்ததும், ‘நடுவில் பதிலே வராத இணைப்பு இது, செல்லாது’ என்று தூக்கிப்போட்டுவிடுகிறது. பிங்கில் ஒவ்வொரு கேள்வியும் புதிதாகவே எண்ணப்படுவதால் அது தப்பிக்கிறது.

சுத்தமான தீர்வு, இரண்டு ரூட்டர்களையும் கணினிகள் இல்லாத தனி இணைப்பில் வைப்பது. கீழ்த்தள ரூட்டரில் ஒரு போர்ட்டைத் தனியாகப் பிரிக்க முடிந்தால் அதற்கு 10.255.0.1, மாடி ரூட்டரின் வேனுக்கு 10.255.0.2, மாஸ்க் 255.255.255.252. இந்த /30-இல் இரண்டு முகவரிக்குத்தான் இடம் உண்டு, இரண்டே போதும். மாடி ரூட்டரின் டிஃபால்ட் ரூட் 10.255.0.1 ஆகும், கீழே எழுதிய ஸ்டேட்டிக் ரூட்டின் கேட்வேயை 10.255.0.2 என்று மாற்றுங்கள். போவதும் வருவதும் இனி ஒரே பாதை.

போர்ட்டைப் பிரிக்க முடியாத ரூட்டர் என்றால், கணினிகளுக்கே வழியைச் சொல்லிவிடலாம். டிஹெச்சிபியின் 121-ஆம் ஆப்ஷன் இதற்காகவே 2002-இல் ஆர்எஃப்சி 3442 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. நம் எடுத்துக்காட்டில் அதன் மதிப்பு, எண்களாக: 24, 192, 168, 20, 192, 168, 1, 2. முதல் எண் மாஸ்க்கின் நீளம், அடுத்த மூன்று சேருமிடம், கடைசி நான்கு கேட்வே. இத்துடன் 0, 192, 168, 1, 1 என்பதையும் கட்டாயம் சேருங்கள். இதுதான் டிஃபால்ட் ரூட். 121-ஐ ஏற்கும் கருவி, வழக்கமான கேட்வே ஆப்ஷனான 3-ஐப் புறக்கணிக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பின்பகுதியை மறந்தால் மாடி கிடைக்கும், இணையம் போய்விடும். எல்லாக் கருவிகளும் 121-ஐப் பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்துச் சோதித்துவிட்டுப் பரப்புங்கள்.

பிஎஃப்சென்ஸ் போன்ற ரூட்டர் மென்பொருள்களில், ஒரே இன்டர்ஃபேஸில் வந்து அதிலேயே திரும்பும் போக்குவரத்துக்கு ஃபயர்வால் விதிகளைத் தளர்த்தும் வசதியும் உண்டு. கோளாறை அது மறைக்கும், பாதையைச் சரிசெய்யாது. அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: விண்டோஸில் எழுதிய ரூட் கணினியை மறுபடி இயக்கினால் காணாமல் போகிறது.

பதில்: ‘ரூட் ஆட்’ கட்டளையோடு ‘-பி’ என்ற ஆங்கில எழுத்துச் சேர்ப்பைக் கொடுங்கள், ரூட் நிலைத்துவிடும். ‘ரூட் பிரிண்ட்’ கொடுத்தால் நிலையான ரூட்கள் தனிப் பட்டியலாகத் தெரியும். மாஸ்க்கைச் சொல்லாமல் விட்டால் அது ஒரே ஒரு முகவரிக்கான ரூட் ஆகிவிடும், 255.255.255.0-ஐ எழுத மறக்காதீர்கள். லினக்ஸிலும் கட்டளை வரியில் சேர்த்த ரூட் தங்காது. நெட்பிளான், நெட்வொர்க்மேனேஜர் என்று உங்கள் கணினி எதைப் பயன்படுத்துகிறதோ அதன் அமைப்பில் எழுத வேண்டும்.

கேள்வி: சிறிய அலுவலகம். நடுவில் ஒரு ரூட்டர், அதிலிருந்து நான்கு பகுதிகளுக்கு நான்கு ரூட்டர்கள். எல்லாம் ஸ்டேட்டிக் ரூட். ‘ஐந்து ரூட்டர் வந்துவிட்டது, இனி ஓஎஸ்பிஎஃப் என்ற டைனமிக் ரூட்டிங்தான் முறை’ என்கிறார் ஒருவர். மாற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரூட்டர்களின் எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது. ஓரிடத்துக்குப் போக மாற்றுப்பாதை இருக்கிறதா என்பதே கேள்வி.

உங்கள் அமைப்பு ஒரு மரம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரே கேபிள். கிளை ரூட்டர் ஒவ்வொன்றிலும் நடு ரூட்டரைக் காட்டும் ஒரு டிஃபால்ட் ரூட். நடு ரூட்டரில் நான்கு கிளைகளுக்கு நான்கு வரிகள். மொத்தம் எட்டே வரி. அந்த ஒரு கேபிள் அறுந்தால், ஓஎஸ்பிஎஃப் அதை அழகாகக் கண்டுபிடித்து என்ன செய்யும்? போக வேறு வழி இல்லையே. டைனமிக் ரூட்டிங் கேபிளை உருவாக்காது. இருக்கும் கேபிள்களில் எது உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தரும்.

முதல் கிளைக்கும் இரண்டாம் கிளைக்கும் நடுவே நாளை ஒரு கேபிள் இழுத்தால் கதை மாறும். இப்போது முக்கோணம். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிப் போகலாம். ஸ்டேட்டிக்கிலும் இதைச் செய்ய முடியும்: அதே சேருமிடத்துக்கு, தொலைவு மதிப்பு கூடிய (முதல் வரி இல்லாதபோது மட்டும் எடுக்கப்படும்) இரண்டாவது வரியை எழுதி வைக்கலாம். ஆனால் போர்ட்டின் விளக்கு அணைந்தால்தான் முதல் வரி விலகும். நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்து, அதற்கு அப்பால் கேபிள் அறுந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பாக்கெட்டுகள் பள்ளத்தில் விழுந்துகொண்டே இருக்கும். இந்த இடத்தில்தான் ஓஎஸ்பிஎஃப் தன் விலையை ஈடுசெய்கிறது. சுற்று விழுந்த அமைப்புக்கும், வாரத்துக்கு ஒரு சப்நெட் கூடிக் குறையும் சோதனைக் கூடத்துக்கும் தயங்காமல் போடுங்கள்.

டைனமிக் என்றால் வேகம் கூடும் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பாக்கெட்டை அனுப்பும்போது ரூட்டர் பார்ப்பது அட்டவணையை மட்டுமே. அந்த வரியை எழுதியது நீங்களா ஓஎஸ்பிஎஃபா என்பதால் வேகம் மாறாது. நெரிசலைப் பார்த்துப் பாதை மாற்றவும் ஓஎஸ்பிஎஃப், இன்னொரு டைனமிக் முறையான ரிப் இரண்டுமே முயல்வதில்லை.

கேள்வி: சுற்று இருக்கும் அமைப்பு எங்களுடையது. ரிப் போதுமா, ஓஎஸ்பிஎஃப் வேண்டுமா? ஓஎஸ்பிஎஃப் போட்டுப் பார்த்தால் அண்டை ரூட்டர் ‘எக்ஸ்ஸ்டார்ட்’ நிலையிலேயே நிற்கிறது.

பதில்: ‘எக்ஸ்ஸ்டார்ட்’ என்றால் முதலில் எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) பாருங்கள். ஒரு முனையில் 1500, மறுமுனையில் 1420 என்று இருந்தால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், தகவல் பரிமாற்றத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். விபிஎன் வழியாக ஓஎஸ்பிஎஃப் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இரு முனையிலும் ஒரே மதிப்பைக் கொடுங்கள்.

அண்டை ரூட்டர் பட்டியலிலேயே வரவில்லை என்றால் காரணம் வேறு. ஹலோ (‘இருக்கிறேன்’ என்று சொல்லும் இடைவெளி) 10 விநாடி, டெட் (சத்தமில்லாவிட்டால் செத்ததாகக் கொள்ளும் நேரம்) 40 விநாடி என்பது ஈதர்நெட்டில் வழக்கமான மதிப்பு. ஒருபக்கம் மட்டும் மாற்றினால் உறவு அமையாது. ஏரியா எண், சப்நெட் மாஸ்க், கடவுச்சொல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ரூட்டர் ஐடி மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்க வேண்டும். ஃபயர்வாலில் பலர் ஓஎஸ்பிஎஃபுக்குப் போர்ட் எண் தேடுகிறார்கள். போர்ட்டே கிடையாது. அது டிசிபியும் அல்ல, யுடிபியும் அல்ல. ஐபியின் 89-ஆம் புரோட்டோகால். அதையும் 224.0.0.5, 224.0.0.6 என்ற மல்டிகாஸ்ட் முகவரிகளையும் அனுமதிக்க வேண்டும்.

ரிப் குறித்து: 1988-இல் ஆர்எஃப்சி ஆனது, எளிது, யுடிபி 520. 30 விநாடிக்கு ஒருமுறை முழு அட்டவணையையும் அனுப்பும். அண்டை ரூட்டர் சத்தமின்றிச் செத்துப்போனால் அதை நம்புவதை நிறுத்த 180 விநாடி ஆகும். மூன்று நிமிடம் அலுவலகம் காத்திருக்குமா? மேலும், ரிப் எண்ணுவது தாண்டும் ரூட்டர்களை மட்டுமே. 100 எம்பிபிஎஸ் கேபிள் நேராகவும், 1 ஜிபிபிஎஸ் பாதை ஒரு ரூட்டர் கூடுதலாகவும் இருந்தால் மெதுவான நேர்வழியையே எடுக்கும். புதிதாக அமைப்பவர்களுக்கு ரிப்பைப் பரிந்துரைக்க மாட்டோம். வேறெதுவும் தெரியாத பழைய கருவி இருந்தால் மட்டும், அதுவும் இரண்டாம் பதிப்பாக. முதல் பதிப்பு சப்நெட் மாஸ்க்கை அனுப்பாது.

ஓஎஸ்பிஎஃபிலும் ஒரு பொறி உண்டு. பல கருவிகளில் செலவுக் கணக்கின் அடிப்படை 100 எம்பிபிஎஸ் ஆக இருக்கும். அப்போது 100 எம்பிபிஎஸுக்கும் செலவு 1, 1 ஜிபிபிஎஸுக்கும் செலவு 1. அடிப்படை அலைவரிசையை எல்லா ரூட்டரிலும் 10,000 எம்பிபிஎஸ் என்று ஒரே மாதிரி மாற்றுங்கள்.

கணினிகள் இருக்கும் இன்டர்ஃபேஸ்களை ‘பாஸிவ்’ ஆக்குவதை விட்டுவிடவே கூடாது. அந்த சப்நெட் அறிவிக்கப்படும், ஆனால் அந்தப் பக்கம் யாருடனும் உறவு வைக்காது. இதைச் செய்யாவிட்டால், யாரோ ஒருவர் கொண்டுவந்து செருகும் ஒரு பெட்டி ‘இணையம் என் வழியாக’ என்று அறிவித்து அலுவலகப் போக்குவரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும்.

பழைய ஸ்டேட்டிக் வரிகளையும் தேடி நீக்குங்கள். சிஸ்கோ கருவிகளில் நம்பக மதிப்பு (மேலே சொன்ன தொலைவு மதிப்பு) ஸ்டேட்டிக்குக்கு 1, ஓஎஸ்பிஎஃபுக்கு 110, ரிப்புக்கு 120, சிறியதே வெல்லும். மறந்துபோன ஒரு ஸ்டேட்டிக் வரி, ஓஎஸ்பிஎஃப் கண்டுபிடித்த நல்ல பாதையை உள்ளே வரவிடாமல் வாசலில் நிறுத்திவைக்கும்.

கேள்வி: இரண்டு இணைய இணைப்புகள். இரண்டாவதற்குத் தொலைவு 10 கொடுத்து டிஃபால்ட் ரூட் எழுதினேன். முதல் இணைப்பு போனாலும் மாறவில்லை. ஓஎஸ்பிஎஃப் உதவுமா?

பதில்: உதவாது. வீட்டு இணைப்பில் இணைய நிறுவனம் உங்கள் ரூட்டரோடு ஓஎஸ்பிஎஃப் பேசுவதில்லை. ஃபைபர் மோடத்துக்கும் உங்கள் ரூட்டருக்கும் இடையிலான கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. செத்தது அதற்கு அப்பால். போர்ட்டின் விளக்கு எரியும்வரை தொலைவு 1 உள்ள ரூட் விலகாது. ஆகவே வெளியே உள்ள ஒரு முகவரியைப் பிங் செய்து கண்காணிக்க வேண்டும். மைக்ரோடிக், பிஎஃப்சென்ஸ் இரண்டிலும் கேட்வே கண்காணிப்பு இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எம்வான்3 என்ற தொகுப்பு. 5 விநாடிக்கு ஒரு பிங், தொடர்ந்து 3 தோல்வி என்று வைத்தால் சுமார் 15 விநாடியில் மாறும். மோடத்தையே பிங் செய்தால் பயனில்லை, அது எப்போதும் பதில் சொல்லும்.

கையால் அமைப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். கண்காணிக்கும் முகவரி 9.9.9.9 என்றால், 9.9.9.9/32 முதல் இணைப்பின் வழியாக மட்டும் என்று தனி ரூட் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது இணைப்புக்கு மாறியதும் பிங் அதன் வழியாக வெற்றி பெறும், ரூட்டர் ‘முதல் இணைப்பு வந்துவிட்டது’ என்று திரும்பும், மறுபடி தோற்கும், இப்படியே ஊசலாடும். அதே முகவரியை டிஎன்எஸ்ஸாகவும் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) வைத்திருந்தால், முதல் இணைப்பு போகும்போது டிஎன்எஸ்ஸும் சேர்ந்து போகும். கண்காணிப்புக்கு ஒன்று, டிஎன்எஸ்ஸுக்கு வேறொன்று. மாறும் நொடியில் நடந்துகொண்டிருக்கும் வீடியோ அழைப்பு அறுபடலாம். வெளி முகவரி மாறிவிடுகிறதே.

கேள்வி: இரண்டு வீடுகளை வயர்கார்டு விபிஎன்னால் இணைத்தேன். இரண்டிலும் 192.168.1.0/24. என்ன ரூட் எழுத வேண்டும்?

பதில்: எந்த ரூட்டும் உதவாது. சேருமிடம் தன் லேனிலேயே இருப்பதாகக் கணினி நினைக்கிறது. கேட்வேயிடம் பாக்கெட் போகவே போகாது. ஒரு வீட்டின் சப்நெட்டை மாற்றுங்கள், 10.37.5.0/24 போல யாரும் எளிதில் வைக்காத எண் நல்லது. பிறகு வயர்கார்டின் ‘அலவ்டு ஐபிஸ்’ பட்டியலில் எதிர்வீட்டின் சப்நெட்டை இரு முனையிலும் எழுதுங்கள். அந்தப் பட்டியல் இரண்டு வேலை செய்கிறது: எதை இந்த முனைக்கு அனுப்பலாம் என்பதும், அங்கிருந்து எந்த முகவரியை ஏற்கலாம் என்பதும். ஒருபக்கம் விடுபட்டால் பதில் வந்து வாசலிலேயே நிராகரிக்கப்படும்.

கேள்வி: ட்ரேஸ்ரூட் (பாக்கெட் தாண்டும் ரூட்டர்களைப் பட்டியலிடும் கட்டளை) எடுத்தால் 192.168.1.1, 192.168.1.2, மீண்டும் 192.168.1.1 என்று மாறி மாறி வருகிறது.

பதில்: இரண்டு ரூட்டர்களும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. முதல் ரூட்டரில் வேலையைச் சுருக்க 192.168.0.0/16 முழுவதையும் இரண்டாவதன் பக்கம் திருப்பியிருப்பீர்கள். இரண்டாவதன் டிஃபால்ட் முதலாவதைக் காட்டும். இல்லாத 192.168.77.5-க்கு ஒரு பாக்கெட் வந்தால் அது டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) தீரும்வரை பந்தாடப்படும். விண்டோஸ் அனுப்பியது 128-இல் தொடங்கும், லினக்ஸ் அனுப்பியது 64-இல். இரண்டாவது ரூட்டரில் 192.168.0.0/16-ஐ ‘பிளாக்ஹோல்’ ரூட்டாக எழுதுங்கள். உண்மையில் இருக்கும் /24-கள் குறுகலானவை என்பதால் அவை வழக்கம்போல் போகும். இல்லாத முகவரிகள் மட்டும் அங்கேயே நின்றுவிடும்.